ஓர் ஓங்கிலும் மூன்று பெயர்களும்

மன்னாரிலிருந்து பூநகரி செல்லும் வீதியில், மாவட்டத்தின் வட எல்லையை அண்டிக் கிடப்பது வெள்ளாங்குளம். மேற்கே பாக்கு நீரிணை. மன்னார்த் தீவைக் கடந்து தெற்கே சென்றால் மன்னார் வளைகுடா. அதற்கும் அப்பால் புத்தளம் களப்பு. அக்களப்பிலே கூன்முதுகு ஓங்கில் வாழ்கின்றது. ஆழ்கடலை நாடாது கரையோரக் கலங்கல் நீரில் இரைதேடும் இவ்விலங்கை எப்பெயரால் வழங்குவது என்னும் வினா இருநூற்றைம்பது ஆண்டு வரலாறுடையது.

சுவீடன் நாட்டு ஒஸ்பெக் தென்சீனத்தில் தாம் கண்ட வெண்ணிற ஓங்கிலுக்கு 1765 இல் சீனத்தின் பெயரை இட்டார். 1829 இல் பிரெஞ்சு அறிஞர் குவியே, மலபார்க் கரையினின்று வந்த ஒன்றினை ஈயநிறத்தது எனப் பொருள்படும் 'பிளம்பியா' என்றார். 1866 இல் இலண்டனில் ரிச்சர்ட் ஓவன், விசாகப்பட்டினத்து ஓங்கிலை அதன் மேனிப் புள்ளிகளை நோக்கி 'லெண்டிஜினோசா' என அழைத்தார். அதனை அவருக்குச் சேர்ப்பித்தவர் வால்டர் எலியட். அமராவதிச் சிற்பங்களை அகழ்ந்தெடுத்த அதே எலியட். கல்வெட்டும் நாணயமும் பயின்ற கண்ணுக்கு ஓங்கிலும் தப்பவில்லை!

இப்பெயர்களுக்கு அடிப்படை நிறமும் மண்டையோடுமே. நிறமோ வயதொடு மாறுவது. சீனக் கடலில் சாம்பல் நிறக் குட்டி முதிர்ந்து வெளிறிவிடும். ஆதலின் ஒன்றாக்குவோரும் பிரிப்போரும் நெடுங்காலம் வாதிட்டனர். மேற்கு ஆபிரிக்கக் கரை நீங்கலாக ஏனைய கடல்களுக்கெல்லாம் சீனப் பெயரொன்றே போதும் என்னும் கருத்து இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் மேலோங்கியது.

மரபணு ஆய்வு இவ்வழக்கிற்குப் புதிய சான்றைக் கொணர்ந்தது. ஏடு பெயர்த்தெழுதுவோர் செய்த பிழைகளைக் கொண்டு எவ்வேடு எதன் வழிவந்தது எனப் பதிப்பாசிரியர் துணிவர் அன்றோ? மரபணுவிலும் தலைமுறைதோறும் அத்தகைய சிறு மாற்றங்கள் சேர்கின்றன. நெடுங்காலம் கலவாத கூட்டங்களின் பிழைகள் வேறுவேறாகின்றன. தாய்வழி இறங்கும் இழைமணி மரபணு மட்டும் இதற்குப் போதாது. ஆண் விலங்குகள் கூட்டம் மாறிக் கலப்பின் அதில் அது புலப்படாது. அதனாலேயே 2013 இல் மெண்டெசும் பிறரும் வெளியிட்ட ஆய்வு, இருவழியும் இறங்கும் உட்கரு மரபணுவையும் நோக்கியது; 235 திசு மாதிரிகளோடு 180 மண்டையோடுகளையும் ஒப்பிட்டது. அடுத்த ஆண்டில் ஜெபர்சனும் ரோசன்பாமும் கூன்முதுகு ஓங்கிலை நான்கு இனமாக வகுத்தனர். குவியேயின் ஈயநிறப் பெயர் இந்து சமுத்திரத்தின் மேற்குப் பகுதிக்கு மீண்டது. அவுஸ்திரேலியக் கடலுக்குப் புதுப்பெயர் பிறந்தது. ஓவனின் பெயர் மீளவில்லை.

வழக்கு அத்துடன் முடியவுமில்லை. 2017 இல் வெளிவந்த ஆய்வில் வங்கதேசக் கரையின் ஓங்கில்கள் ஏனையவற்றினின்று வேறுபட்ட மரபைக் காட்டின. ஈயநிற இனத்தின் கிழக்கெல்லையோ இந்தியத் தென்முனையையும் இலங்கையையும் ஒட்டியே வரையப்படுகின்றது. வெள்ளாங்குளத்துக் கடல் அவ்வெல்லையின் மருங்கிலே கிடக்கின்றது. 1983 முதல் 2009 வரை நீடித்த போரில் மீன்பிடிக்கே தடையிருந்த இக்கரைக்கு ஆய்வுப் படகு எங்ஙனம் வரும்?

இது வெறும் பெயர்ச் சண்டையன்று. ஆபிரிக்கா முதல் அவுஸ்திரேலியா வரை ஒரே இனம் எனக் கொண்டால், ஒரு களப்பில் அஃது அற்றுப்போவது பெருங்கணக்கில் மறைந்துவிடும். தனியே பிரித்து எண்ணியபோது, ஈயநிற இனம் 2017 இல் உலகச் செம்பட்டியலில் அழிவை எதிர்நோக்கும் இனங்களுள் வைக்கப்பட்டது. கரையோர வலைகளிற் சிக்கி மடிதலே முதன்மைக் காரணம்.

கரையொதுங்கிய ஓங்கிலின் தோலில் நகமளவு துண்டை மதுசாரத்தில் இட்டு வைத்தாற் போதும். அஃது எம்மரபினது என்பதை ஆய்வுகூடம் கூறும். அவ்வுடலை முதலிற் காண்போர் வெள்ளாங்குளம் போன்ற ஊர்களின் மீனவரே.