அபெரிதிஃப்

அபெரிதிஃப் என்பது பிரான்ஸில் சாப்பாட்டுக்கு முன்னால் சிறிதளவு மதுவும் கொறிக்க உப்புப் பண்டங்களும் வைத்துக்கொண்டு கூடிப் பேசும் வழக்கம். அப்போது அருந்தும் பானத்துக்கும் அதே பெயர்தான். ‘திற’ என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்த சொல் இது. முதலில் அது உடலின் வழிகளைத் திறந்துவிடும் மருந்தைக் குறித்தது. பேச்சில் ‘அபெரோ’ என்று சுருங்கிவிட்டது. வேலை நாட்களில் மாலை ஏழு மணியை ஒட்டித் தொடங்கி இரவுச் சாப்பாடு வரை நீளும். ஞாயிற்றுக்கிழமைகளில் மதிய உணவுக்கு முன்னாலும் உண்டு. 2010இல் பிரெஞ்சு விருந்துணவைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் யுனெஸ்கோ சேர்த்தபோது, அந்த விருந்து அபெரிதிஃபில் தொடங்கி லிக்கரில் முடியும் என்றே விவரித்தது.

இவ்வளவு வேரோடிய பழக்கம் மிகத் தொன்மையானது என்று தோன்றும். வாசனைப் பொருட்கள் இட்ட வைன் இடைக்காலத்திலேயே இருந்தது உண்மைதான். ஆனால் இன்று காணும் அபெரோ பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் பிள்ளை. மருந்துக்கடையும் ராணுவ முகாமும் விளம்பரச் சுவரும் சேர்ந்து அதை வளர்த்தன. பிறகு, தடைச் சட்டங்கள் அதன் உருவத்தை மாற்றின.

கசப்பு மருந்து

1820இல் பாரிஸில் பெல்தியே, காவாந்து என்ற இரு மருந்தியலாளர்கள் சின்கோனா மரப்பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்தெடுத்தார்கள். மலேரியாக் காய்ச்சலுக்கு அதுவே கைகண்ட மருந்து. பிரான்ஸ் 1830இல் அல்ஜீரியாவில் படையிறக்கியபின் அதன் தேவை பெருகியது. ஆனால் குயினைனின் கசப்பை வெறும் வாயில் விழுங்குவது எளிதல்ல. பட்டையை இனிப்பு வைனில் ஊறவைத்து மூலிகைகள் சேர்த்தால் மருந்தும் இறங்கும், மனமும் மகிழும். பாரிஸில் ஜோசஃப் டுபோனே 1846இல் அறிமுகப்படுத்திய பானம் வட ஆப்பிரிக்காவில் இருந்த படைவீரர்களை மனத்தில் வைத்தே செய்யப்பட்டது என்று சொல்லப்படுகிறது. (பிரிட்டிஷார் இதே மரத்தை நீலகிரியில் தோட்டம் போட்டு வளர்த்தது 1860களில். அவர்கள் குயினைனை ஜின்னோடு கலந்து குடித்தது தனிக்கதை.)

டுபோனே தனியாள் அல்ல. பெர்ப்பிஞானுக்கு அருகிலுள்ள துயிர் என்ற ஊரில் வியோலே சகோதரர்கள் 1866இல் தொடங்கிய ‘பிர்’ முதலில் உடலுக்கு வலுவூட்டும் டானிக்காக மருந்துக்கடைகளில் விற்றது. பிற்பாடு அதன் தயாரிப்பு எவ்வளவு பெருகியது என்பதற்கு அந்த ஊரில் இன்றும் நிற்கும் ஓக் மரத் தொட்டியே சாட்சி. அது பத்து லட்சம் லிட்டருக்கு மேல் கொள்ளும். போர்தோ பக்கம் 1872இல் லிலே வந்தது. மலைச்செடியான ஜென்ஷியனின் மஞ்சள் வேரிலிருந்து 1889இல் சூஸ் வந்தது. பிக்காஸோ 1912இல் அந்தப் புட்டியைக் காகித ஒட்டுப்படம் ஒன்றில் வைத்தார். டுபோனேயின் பெயரோ பாரிஸ் மெத்ரோ சுரங்கச் சுவர்களில் ஓடும் ரயிலிலிருந்து படிக்கும்படி எழுதப்பட்டது. ஓவியர் கசாந்த்ர் 1932இல் வரைந்த டுபோனே சுவரொட்டியில் ஒரு மனிதர் குடிக்கக் குடிக்க மூன்று கட்டங்களில் வண்ணம் நிறைவார். மருந்து விளம்பரமாகத் தொடங்கியது அதற்குள் மகிழ்ச்சியின் விளம்பரமாகிவிட்டிருந்தது.

பச்சை நேரமும் தடையும்

அபெரோவுக்கென்று ஒரு மணி நேரத்தை ஊரறிய ஒதுக்கியது அப்சாந்த். மாசிபத்திரி இனத்துக் கசப்புச் செடியும் சோம்பும் சேர்ந்த கடும் சாராயம் இது. 1805இல் பொந்தார்லியே நகரில் பெர்னோ குடும்பம் ஆலை வைத்தது. அல்ஜீரியாவில் வீரர்களுக்கு அப்சாந்த் காய்ச்சல் தடுப்பாகத் தரப்பட்டது. திரும்பி வந்த அவர்களோடு பழக்கமும் பாரிஸ் காப்பிக் கடைகளுக்கு வந்தது. மாலை ஐந்து மணிக்குத் துளையிட்ட கரண்டியில் சர்க்கரைக் கட்டியை வைத்து, அதன்மேல் குளிர்ந்த நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பானம் வெளிறிய பச்சையாவதைப் பார்த்திருப்பது வழக்கமானது. அந்த நேரத்துக்கே ‘பச்சை நேரம்’ என்று பெயர். ஃபிலாக்சிரா பூச்சி திராட்சைத் தோட்டங்களை அழித்து வைன் விலை ஏறியபோது தொழிலாளர்களும் அப்சாந்துக்கு மாறினார்கள். வைன் உற்பத்தியாளர்களும் மதுவிலக்குக்காரர்களும் ஒரே பக்கம் நின்று எதிர்த்தது வேடிக்கை. முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1915 மார்ச்சில் தடை வந்தது. அந்தச் சட்டம் 2011இல்தான் நீக்கப்பட்டது.

சட்டம் அப்சாந்தைத் தடுத்தது. சோம்புச் சுவையை மக்கள் விடவில்லை. 1920களில் அந்தச் சுவையுள்ள பானங்கள் கட்டுப்பாடுகளோடு திரும்பின. 1932இல் மார்செய் நகரின் பால் ரிக்கார் என்ற இளைஞர் பஸ்திஸ் என்ற தம் சோம்புச் சுவைப் பானத்தை விற்கத் தொடங்கினார். 1940இல், இரண்டாம் உலகப்போர்க் கால பிரான்ஸின் விஷி அரசு கடும் அபெரிதிஃபுகளைத் தடைசெய்தது. ரிக்கார் கமார்க் சதுப்பு நிலத்துக்குப் போய் நெல் பயிரிட்டார். போருக்குப்பின் பஸ்திஸ் மீண்டது. போட்டியாளரான பெர்னோவின் ‘51’ என்ற பெயர் 1951ஐக் குறிப்பது. இரு நிறுவனங்களும் 1975இல் ஒன்றாயின.

பஸ்திஸின் மணம் அன்னாசிப்பூவிலும் அதிமதுரத்திலும் இருந்து வருவது. ஆல்கஹால் 45 விழுக்காடு. ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர் என்பது கணக்கு. தண்ணீர் பட்டதும் தெளிந்த மஞ்சள் திரவம் பால்போல் கலங்கும். ஆல்கஹாலில் கரைந்திருந்த அனிதோல் என்ற எண்ணெய்ப் பொருள் தண்ணீரில் கரையாமல் நுண்துளிகளாகப் பிரிவதே காரணம். முதலில் தண்ணீர், பிறகுதான் பனிக்கட்டி. முறை மாறினால் அனிதோல் உறைந்து மேலே செதில்களாக மிதக்கும். தெற்கத்திக்காரர்களிடம் அதற்கு மன்னிப்புக் கிடையாது. பாதாம் சர்பத் சேர்த்தால் ‘மொரேஸ்க்’, புதினா சேர்த்தால் ‘பெரொக்கே’ (கிளி), மாதுளை சேர்த்தால் ‘தொமாத்’ (தக்காளி).

பர்கண்டிப் பகுதியில் நிலைமை வேறு. அங்கே புளிப்பான அலிகோத்தே வெள்ளை வைனில் காசிஸ் பழ லிக்கரைக் கலப்பார்கள். பழைய கலவைதான் அது. 1945 முதல் 1968 வரை திஜோன் நகர மேயராக இருந்த பாதிரியார் ஃபெலிக்ஸ் கிர் நகர மன்றத்துக்கு வந்த விருந்தினர் அனைவருக்கும் அதையே ஊற்றிக் கொடுத்ததால் ‘கிர்’ என்ற பெயர் நிலைத்தது. வைனுக்குப் பதில் ஷாம்பேன் என்றால் ‘கிர் ருவயால்’. கிழக்கிலும் வடக்கிலும் பீரில் கசப்புப் பிக்கோன், நார்மண்டியில் ஆப்பிள் பொம்மோ, மார்த்தினிக் தீவில் ரம்மும் எலுமிச்சையும் கரும்புப்பாகும் சேர்ந்த ‘தி-பஞ்ச்’ என்று ஊருக்கொன்று. மது குடிக்காதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் சர்பத்தோ பழச்சாறோ உண்டு. அவர்களும் அதே மேசையில்தான் உட்கார்வார்கள்.

தட்டில் இருப்பவை

எளிமைதான் விதி. வறுத்த வேர்க்கடலை, உருளைக்கிழங்கு சிப்ஸ், ஆலிவ் காய், மெல்லியதாக நறுக்கிய உலர் பன்றித் தொத்திறைச்சி, வெண்ணெயும் உப்பும் தொட்டுத் தின்னும் சிவப்பு முள்ளங்கி. ப்ரொவான்ஸில் ஆலிவ், கேப்பர் மொட்டு, நெத்திலி மூன்றையும் நம் துவையல்போல் அரைத்த ‘தப்பனாத்’தை ரொட்டித் துண்டில் தடவித் தருவார்கள். பர்கண்டியில் பாலாடைக்கட்டி சேர்த்து உப்பச் சுட்ட ‘குழேர்’. 1960இல் வந்த ‘அபெரிக்யூப்’ எனும் சிறு பாலாடைக்கட்டிக் கனசதுரங்களின் உறைக்குள் பொது அறிவுக் கேள்வி அச்சாகியிருக்கும். பேச்சு வற்றிய மேசைக்கு அது கைகொடுக்கும். தட்டுகள் பெருகிச் சாப்பாட்டின் இடத்தையே பிடித்துக்கொண்டால் அது ‘அபெரோ தினாத்துவார்’. தனிச் சாப்பாடு கிடையாது. சமைக்கும் வேலை குறைவு என்பதால் நகரங்களில் இது பெருகியிருக்கிறது.

கூட்டமும் கட்டுப்பாடும்

2010 வாக்கில் முகநூல் வழியே ஆயிரக்கணக்கானோர் சதுக்கங்களில் திரண்ட ‘மாபெரும் அபெரோ’க்கள் பரவின. அந்த ஆண்டு மே மாதம் நாந்து நகரில் ஓர் இளைஞர் பாலத்திலிருந்து விழுந்து இறந்தபின் பல நகரங்கள் தடை விதித்தன. 2020 பெருந்தொற்று ஊரடங்கில் கணினித் திரைக்கு முன் கோப்பையை உயர்த்தும் அபெரோ வந்தது. மது விளம்பரம் 1991ஆம் ஆண்டின் எவான் சட்டத்தால் தொலைக்காட்சியிலும் திரையரங்கிலும் விலக்கப்பட்டிருக்கிறது. வாரத்துக்குப் பத்து கோப்பைக்கு மேல் வேண்டாம், நாளுக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம், குடிக்காத நாளும் வாரத்தில் இருக்கட்டும் என்பது அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறையின் அறிவுரை. தினந்தோறும் அபெரோ என்ற பழைய பழக்கம் இதோடு ஒத்துப்போகாது.

பிரெஞ்சு வீட்டுக்கு அழைக்கப்பட்டவர் குறித்த நேரத்துக்குப் பத்து, பதினைந்து நிமிடம் தாமதமாகப் போவதே மரியாதை. எல்லார் கோப்பையும் நிறைந்து, ‘சாந்தே’ என்று சொல்லி, ஒவ்வொருவர் கண்ணையும் பார்த்த பிறகே குடிக்க வேண்டும். ‘அபெரோவுக்கு வாருங்கள்’ என்றால் அபெரோவுக்கு மட்டும்தான். இரவுச் சாப்பாடு அதில் அடக்கம் இல்லை. எட்டு, எட்டரைக்குள் விடைபெற்று எழுந்துவிடுவது நல்லது.