1915: சிங்கப்பூர்ச் சிப்பாய்களின் மடல்கள்

1915 பெப்ரவரி 15, சீனப் புத்தாண்டு விடுமுறை நாள். அன்று பிற்பகல் அலெக்சாந்திரா முகாமில் 5ஆம் இலகு காலாட்படையின் ஒரு பகுதியினர் கிளர்ந்தெழுந்தனர். அப்படை ஹாங்காங்கிற்குக் கப்பலேறவிருந்தது. துருக்கியரோடு போரிடவே தம்மை அழைத்துச் செல்கின்றனர் என்னும் வதந்தி சிப்பாய்களிடையே பரவியிருந்தது.

பின்னர் நிகழ்ந்த விசாரணையின் சான்றுகளுள் சிப்பாய்கள் ஊருக்கு எழுதிய மடல்களும் அடங்கும். ஜெர்மானியப் பேரரசர் இசுலாத்தைத் தழுவினார் என்றும், அவர்தம் மகள் துருக்கிச் சுல்தானின் வாரிசை மணந்தார் என்றும் ஒரு சிப்பாய் எழுதினார். இரண்டும் பொய். அவ்விளவரசி 1913இலேயே ஹனோவர் இளவரசரை மணந்துவிட்டார். அதிகாரிகள் இம்மடல்களை அரசத் துரோகத்தின் அறிகுறியாகக் கண்டனர்.

நாம் அவற்றை வேறுவிதமாகப் படிக்க இடமுண்டு. அதே போரில் பிரான்சிலிருந்து எழுதிய இந்திய வீரர்கள், தணிக்கையாளருக்கு அஞ்சி, இந்தியப் படையினரைக் 'கருமிளகு' என்றும் வெள்ளையரைச் 'செம்மிளகு' என்றும் குறித்தனர். சிங்கப்பூர் மடலிலோ அத்தகைய மறைவு இல்லை. சதி செய்பவன் இவ்வளவு வெளிப்படையாக எழுதுவானா? தான் நம்பியதை வீட்டாருக்குச் செய்தியாகச் சொல்கிறான், அவ்வளவே. எனினும் நம் கைக்கு எட்டுபவை அதிகாரிகள் தெரிந்தெடுத்த பகுதிகள், அவையும் ஆங்கில மொழிபெயர்ப்பில் என்பதை மறத்தலாகாது.

சிப்பாய்கள் 47 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். மார்ச் 25இல் ஊட்ரம் சிறைச்சாலை மதிலருகே, பொதுமக்கள் கண்முன்னே, ஒரே நாளில் 22 பேர். அவர்தம் இல்லங்கள் பெரும்பாலும் இன்றைய அரியானாவின் சிற்றூர்களில் இருந்தன.