சிக்னல் போச்சுன்னா என்ன ஆகும்? – ஒரு ரேடியோப் பெட்டியின் வரலாறு

போன சந்திப்புக்கு வந்திருந்தபோது, மெக்கானிக்கல் பிளாக்கின் பின்பக்கம் ஏரோமாடலிங் கிளப் தம்பிகள் இரண்டு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "அண்ணா, கிளப்புக்குப் புது டிரான்ஸ்மிட்டர் வாங்கணும். கையில இருக்கிற காசுக்கு விலை குறைஞ்ச செட்டுதான் வரும். கொஞ்சம் பொறுத்து, சீனியர்கள்கிட்ட வசூல் பண்ணிப் பெரிய கம்பெனி செட்டே வாங்கிடலாமா?" என்று கேட்டார்கள். நானும் சாப்பாட்டுப் பந்திக்கு நேரமாகிறதே என்ற அவசரத்தில் ஏதோ அரைகுறையாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மலர்க் குழுவினர் இப்போது கட்டுரை கேட்டிருப்பதால், பாக்கிப் பதிலை இங்கே எழுதிவிடுகிறேன். பதில் கொஞ்சம் நீளம். 1937-லிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. பொறுத்தருள்க!

இரட்டையர் கட்டிய விமானம்

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் காலமஸூ என்று ஓர் ஊர். அங்கே வால்டர் குட், வில்லியம் குட் என்று இரட்டைச் சகோதரர்கள். வால்டருக்கு மாதிரி விமானம் கட்டுவதில் பைத்தியம். வில்லியமுக்கு ஹாம் ரேடியோவில் பைத்தியம். ஒரே வீட்டில் இரண்டு பைத்தியங்கள் சேர்ந்தால் என்ன ஆகும்? 1937-ல் 'கஃப்' என்ற விமானத்தை ரேடியோ மூலம் ஓட்டிக் காட்டினார்கள். இறக்கையின் நீளம் 8 அடி. 1938, 1939, 1940 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அமெரிக்க தேசியப் போட்டியில் ரேடியோ பிரிவில் அவர்களுக்குத்தான் முதல் பரிசு. அந்த விமானம் பிற்பாடு ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்தக் காலத்தில் 'விலை குறைந்ததா, உயர்ந்ததா?' என்ற கேள்வியே கிடையாது. ரேடியோவை நீங்களே வால்வு வைத்துக் கட்டணும். ஹாம் லைசென்ஸுக்குப் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணணும். பணத்தைவிட அறிவும் பொறுமையும்தான் அதிகம் செலவாயின.

பட்டனில் தொடங்கி ஸ்டிக் வரை

இரண்டாம் உலகப் போர் முடிந்து, 1950-களில் பரீட்சை இல்லாமலே பயன்படுத்தக்கூடிய 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை அமெரிக்காவில் பொதுமக்களுக்குக் கிடைத்ததும் கடையில் வாங்கும் செட்டுகள் பெருகின. எளிய செட்டில் ஒரே ஒரு பட்டன்தான். விமானத்துக்குள் முறுக்கிய ரப்பர் பேண்டின் சக்தியில் இயங்கும் 'எஸ்கேப்மென்ட்' என்ற சின்னக் கருவி இருக்கும். ஒரு தடவை அழுத்தினால் சுக்கான் ஒரு பக்கம் முழுசாகத் திரும்பும். விட்டால் நடுவுக்கு வரும். அடுத்த முறை மறுபக்கம். இப்போது எந்தப் பக்கம் என்று எண்ணிக்கை விட்டுப்போனால் விமானம் போச்சு!

காசுள்ளவர்கள் 'ரீட்' செட் வாங்கினார்கள். ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு தொனி. அந்தத் தொனிக்கு மட்டும் அதிரும் ஒரு மெல்லிய உலோக நாக்கு. பத்துச் சேனல் ரீட் செட் இருந்தால் ஐந்து கட்டுப்பாடுகள் கிடைக்கும், போக ஒன்று வர ஒன்று என்ற கணக்கில். ஆனாலும் பாதி திருப்பு, கால்வாசி திருப்பு என்பது கிடையாது. சுவிட்சைத் தட்டித் தட்டித்தான் ஓட்டணும்.

1960-களின் முற்பாதியில் டக் ஸ்ப்ரெங், டான் மேதர்ஸ் ஆகியோரின் 'டிஜிகான்' போன்ற செட்டுகள் வந்து இந்தக் குறையைத் தீர்த்தன. ஸ்டிக்கை எவ்வளவு நகர்த்துகிறோமோ அவ்வளவுதான் சுக்கானும் நகரும். இதற்குத்தான் 'புரொப்போர்ஷனல்' என்று பெயர். ஸ்டிக்கின் நிலையை ஒரு துடிப்பின் நீளமாக மாற்றி அனுப்புவதுதான் உள்ளே நடக்கும் வேலை. நம்ம ஈ.சி.இ. நண்பர்கள் ரசிப்பார்கள்: சுமார் 1 மில்லி செகண்ட் என்றால் ஒரு கடைசி, 2 மில்லி செகண்ட் என்றால் மறு கடைசி, 1.5 என்றால் நடு. இன்றைக்கு நீங்கள் கடையில் வாங்கும் சாதாரண சர்வோவும் இதே கணக்கில்தான் வேலை செய்கிறது.

ஃபில் கிராஃப்ட் என்பவர் இத்தகைய செட்டுகளைத் தயாரித்து விற்றார். 1967-ல் உலகச் சாம்பியன் பட்டத்தையும் வென்றார். செட்டுகள் நல்லவைதான், ஆனால் விலை? சம்பளக்காரர் வீட்டில் கலந்து பேசித்தான் வாங்கணும். அந்த இடத்தில்தான் மிச்சிகனைச் சேர்ந்த ஹீத்கிட் கம்பெனி நுழைந்தது. பாகங்களையும் விளக்கப் புத்தகத்தையும் பெட்டியில் போட்டு அனுப்பிவிடுவார்கள். சால்டரிங் வேலை நம்முடையது. காசு மிச்சம், ஆனால் ஒரு இணைப்பு சரியாக உருகாமல் இருந்து அது ஆகாயத்தில் விட்டுப்போனால் பொறுப்பு யாருடையது? கட்டினவருடையது. விலை குறைந்த செட் என்றால் கம்பெனி செய்யவேண்டிய சோதனையின் ஒரு பகுதி நம் தலையில் வருகிறது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

துணி கிளிப் காலம்

அதற்குப் பிறகு வந்த தலைவலி, அலைவரிசை. ஒரே சேனலில் இரண்டு பேர் டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்தால் கீழே விழுவது நிச்சயம். அதனால் மைதானங்களில் ஒரு பலகை வைத்தார்கள். சேனல் எண் எழுதிய துணி கிளிப் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அந்தச் சேனலில் ஆன் செய்யலாம். அமெரிக்காவில் 1991-ல் 72 மெகாஹெர்ட்ஸில் நெருக்கமாக 50 சேனல்களுக்கு இடம் ஒதுக்கினார்கள். பழைய அகல அலைவரிசை செட்டுகள் பல அதோடு பரணுக்குப் போயின.

1980-களிலிருந்து விலை உயர்ந்த செட்டுகளில் 'பி.சி.எம்.' என்ற முறை வந்தது. சிக்னல் கெட்டுப்போனால் ரிசீவர் தானாகவே ஒரு முன்னேற்பாட்டு நிலைக்குப் போகும், எஞ்சினைக் குறைத்துவிடும். இதுதான் 'ஃபெயில்சேஃப்'. அன்றைக்கு அது காசு கொடுத்தவர்களுக்கு மட்டும் கிடைத்த பாதுகாப்பு.

நான் நம் கல்லூரிக்கு வந்தது 2007-ல். கிளப்பில் ஒரு பழைய கிரிஸ்டல் செட் இருந்தது. துணி கிளிப்பும் இல்லை, பலகையும் இல்லை. 2009-ல் ஒருநாள், மூன்று மாதம் இரவு இரவாகப் பால்சா மரம் வெட்டி ஒட்டிக் கட்டிய எங்கள் விமானம் மேலே இருக்கும்போது, வேறு கல்லூரியிலிருந்து வந்த ஒரு நண்பர் மரத்தடியில் உட்கார்ந்து "சர்வோ வேலை செய்யுதான்னு பார்க்கிறேன்" என்று அவருடைய செட்டை ஆன் செய்தார். அதே சேனல்! விமானம் மூக்கைக் குத்திக்கொண்டு இறங்கியது. பாவம், அவர் அழுதேவிட்டார். அன்றைக்கு இரவு மெஸ்ஸில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

2005: இரண்டு நல்ல செய்திகள்

உண்மையில் இதற்கு விடை அதற்கு முன்பே வந்துவிட்டது. 2005-ல் ஸ்பெக்ட்ரம் கம்பெனி டி.எக்ஸ்.6 என்ற 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்டைச் சின்ன விமானங்களுக்காகக் கொண்டுவந்தது. 2006-ல் பெரிய விமானங்களுக்கும் ஏற்ற டி.எக்ஸ்.7 வந்தது. ஒவ்வொரு ரிசீவரும் தன் டிரான்ஸ்மிட்டரை மட்டும் அடையாளம் கண்டு 'பைண்ட்' ஆகிவிடும். பக்கத்தில் இருபது பேர் ஆன் செய்தாலும் கவலையில்லை. ஃபுட்டாபா போன்ற ஜப்பான் கம்பெனிகளும் பின்னாலேயே வந்தன. நம் நாட்டிலும் அதே 2005 ஜனவரியில்தான் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் குறைந்த சக்திக் கருவிகளுக்குத் தனி லைசென்ஸ் தேவையில்லை என்று அரசு அறிவித்தது. கிரிஸ்டலும் கிளிப்பும் மெல்ல மெல்ல மறைந்தன.

அதே காலத்தில் விலையின் உச்சிக்கும் ஒரு உதாரணம் உண்டு. ஃபுட்டாபாவின் 14எம்.இஸட். என்ற டிரான்ஸ்மிட்டர் விண்டோஸ் சி.இ. மென்பொருளில் ஓடியது. விலை 2,000 டாலருக்கு மேல்!

எதிர்ப்புறம், 2009 வாக்கில் சீனத் தயாரிப்பான டர்னிஜி 9எக்ஸ் வந்தது. ஒன்பது சேனல், விலை 100 டாலருக்கும் கீழே. உள்ளே இருந்த மென்பொருள் சுமார்தான். ஆனால் உலகெங்கும் இருந்த பொழுதுபோக்குக்காரர்கள் பெட்டியைத் திறந்து, மைக்ரோகன்ட்ரோலரின் கால்களுக்கு ஒயர் சால்டர் செய்து, தாங்களே எழுதிய மென்பொருளை ஏற்றினார்கள். அப்படித்தான் 'இ.ஆர்.9எக்ஸ்', அதன் பின் 'ஓப்பன் டி.எக்ஸ்.' எல்லாம் வளர்ந்தன. 2013-ல் ஃபிரெஸ்கை கம்பெனியின் டாரானிஸ் ஓப்பன் டி.எக்ஸ். மென்பொருளோடே கடைக்கு வந்தது. 2020-ல் ரேடியோமாஸ்டர் டி.எக்ஸ்.16எஸ். வந்தபோது, காந்தப்புலத்தை உணரும் ஹால் சென்சார் ஸ்டிக்கும் பல கம்பெனி ரிசீவர்களோடு பேசும் வசதியும் நடுத்தர விலையிலேயே கிடைத்தன. ஹீத்கிட் காலத்துச் சால்டரிங் இரும்பு அரை நூற்றாண்டு கழித்துத் திரும்பி வந்து, விலை ஏணியையே சாய்த்துவிட்டது என்று சொல்லலாம்.

கல்லூரி விழா, 2011

எங்கள் கதைக்கு வருகிறேன். பழைய செட் தந்த பாடத்தால், 2010-ல் ஆறு பேர் சேர்ந்து காசு போட்டு விலை குறைந்த 2.4 செட் ஒன்று வாங்கினோம். பெயரை விடுங்கள், குற்றம் அதன்மேல் இல்லை. ஒரு வருஷம் அருமையாக வேலை செய்தது. பெரிய கம்பெனி செட் வைத்திருந்தவர்களைப் பார்த்துக் கேலிகூடச் செய்தோம்.

2011 கல்லூரி விழாவில் நான்தான் ஓட்டினேன். விமானம் ஒரு திருப்பத்தில் சாயும்போது என் கைக்கு அடங்கவில்லை. ரிசீவர் ஆன்டெனாவைப் பேட்டரியோடு சேர்த்து டேப் போட்டு ஒட்டியிருந்தோம் என்பது பிற்பாடு தெரிந்தது. சிக்னல் போனதும் மோட்டார் நின்றிருக்கணும். நிற்கவில்லை, கடைசியாகக் கொடுத்த முழு வேகத்திலேயே போய், டீக்கடைப் பந்தல் பக்கம் மண்ணில் குத்தியது. குத்திய இடத்திலிருந்து இரண்டு கை தூரத்தில் டீக்கடைக்காரரின் பெண் குழந்தை உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. புரொப்பெல்லர் மண்ணை வாரி இறைத்துக்கொண்டு சுற்றிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஒர்க்‌ஷாப் சூப்பர்வைசர் ஐயா வந்தார். திட்டவில்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டு, "ஏன் தம்பி, சிக்னல் போச்சுன்னா என்ன ஆகும்னு தரையில வச்சு ஒரு தடவையாவது பார்த்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். ஆறு பேரும் தலை குனிந்து நின்றோம். அன்று மாலை ஒர்க்‌ஷாப்பில் புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு மோட்டாரை ஓடவிட்டு டிரான்ஸ்மிட்டரை ஆஃப் செய்தோம். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது! புத்தகத்தைப் பார்த்து ஃபெயில்சேஃபை அமைத்து மறுபடி செய்தோம். உடனே நின்றது. மொத்தம் இரண்டு நிமிஷ வேலை.

விலை உயர்ந்த செட்டாக இருந்தால் தப்பித்திருப்போமா? நானும் பல இரவு யோசித்திருக்கிறேன். உயர்ந்த செட்டுகளிலும் பைண்ட் செய்யும்போது திராட்டில் ஸ்டிக் எங்கே இருக்கிறதோ அதுதான் பல மாடல்களில் ஃபெயில்சேஃப் நிலை. ஸ்டிக்கை மேலே வைத்துப் பைண்ட் செய்தால் அங்கும் இதே கதிதான். ஒரு காலத்தில் காசு கொடுத்து வாங்கவேண்டியிருந்த பாதுகாப்பு எங்கள் மலிவுப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. நாங்கள்தான் அதைத் திறந்து பார்க்கவில்லை.

ஆகவே, தம்பிகளே

ஒவ்வொரு காலத்திலும் கூடுதல் காசு வேறு வேறு பொருளை வாங்கியிருக்கிறது. முதலில் கூடுதல் சேனல். பிறகு அளவோடு திருப்பும் வசதி. பிறகு இடையூறு இல்லாத அலைவரிசை. எல்லாமே சில ஆண்டுகளில் மலிவு செட்டுக்கு இறங்கி வந்துவிட்டன. இன்றைக்குக் கூடுதல் காசு வாங்குவது நல்ல ஸ்டிக், நீடித்த உழைப்பு, சர்வீஸ், கம்பெனி செய்த சோதனை. பெரிய எஞ்சின் போட்ட கனமான விமானம் என்றால் அந்தச் சோதனைக்குக் காசு கொடுப்பது நியாயம். ஒன்றரைக் கிலோ பயிற்சி விமானத்துக்கு, ஹால் சென்சார் ஸ்டிக் உள்ள நடுத்தர செட் தாராளமாகப் போதும். மிச்சக் காசில் நல்ல பேட்டரியும் சார்ஜரும் வாங்குங்கள். ரிசீவருக்கு மின்சாரம் ஒரு நொடி தடுமாறினால் எந்த விலை செட்டும் கைகொடுக்காது. வாங்கும் முன் டபிள்யூ.பி.சி. அங்கீகாரம் உள்ளதா என்று பாருங்கள். 2021-ன் டிரோன் விதிகளைப் படித்து, நம் மைதானம் எந்த மண்டலத்தில் வருகிறது என்றும் பாருங்கள்.

எதை வாங்கினாலும், ஒவ்வொரு முறை பறக்கும் முன்னும் புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு டிரான்ஸ்மிட்டரை ஒரு தடவை ஆஃப் செய்து பாருங்கள். மோட்டார் நின்றால் புரொப்பெல்லரை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போங்கள். நிற்கவில்லை என்றால் அன்றைக்குப் பறக்க வேண்டாம்.

சூப்பர்வைசர் ஐயா ஓய்வு பெற்றுவிட்டார். அவர் கேட்ட கேள்வியை ஒரு அட்டையில் எழுதிக் கிளப் அறைக் கதவில் ஒட்டச் சொல்லித் தம்பிகளிடம் கேட்டிருக்கிறேன். இந்தச் சந்திப்புக்கு வரும்போது முதலில் அதைத்தான் போய்ப் பார்ப்பேன், பந்தி அப்புறம்தான்!

– ஒரு முன்னாள் மாணவன், இயந்திரப் பொறியியல், 2007–2011