வண்டிச் சத்தமும் சரித்திரம்தான்

ஞாயிற்றுக்கிழமை காலையில் மரக்காணம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிற இளைஞர்களைப் பார்த்திருப்பீர்கள். உப்பளம் கண்ணில் பட்டதும் காரையோ பைக்கையோ ஓரம் கட்டுகிறார்கள். பின்னால் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல். ஒருவர் செல்போனைப் பிடிக்கிறார், இன்னொருவர் இன்ஜினை உறும விடுகிறார். சைலன்சர் சத்தத்தை வீடியோ எடுக்கிறார்களாம்.

நம் வயதுக்காரர்களுக்கு அதைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் வண்டியின் சத்தத்தைப் பதிவு செய்வது இந்தப் பிள்ளைகள் நேற்றுக் கண்டுபிடித்த விளையாட்டு அல்ல. அதற்கு எழுபது வருடச் சரித்திரம் உண்டு. அந்தச் சரித்திரத்தில் நமக்கும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நம் கரையைப் பார்ப்போம். ஒரு காலத்தில் இங்கே சரக்கு சத்தமில்லாமல்தான் போனது. ஆந்திராவின் பெத்தகஞ்சாமில் தொடங்கி சென்னை வழியாக சுமார் 420 கி.மீ. ஓடும் பக்கிங்ஹாம் கால்வாய்க்கு மரக்காணம்தான் தெற்கு முனை. உப்பும் விறகும் படகில் போன காலத்தில் துடுப்புச் சத்தமும் படகுக்காரர் குரலும்தான் கேட்டிருக்கும். பிறகு லாரி வந்தது. எண்ணூரில் 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி 1955-ல் அசோக் லேலண்ட் ஆன கம்பெனியின் வண்டிகள் வந்தன. அதே 1955-ல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது. திருவொற்றியூரிலிருந்து புல்லட் வந்தது. 1990களின் பிற்பகுதியில் கிழக்குக் கடற்கரைச் சாலை வந்த பிறகு நம் ஊர் நிசப்தம் போயே போய்விட்டது.

அந்தக் காலத்தில் நமக்கெல்லாம் காதே கண். திண்ணையில் உட்கார்ந்தபடியே, வருவது அம்பாசடரா, ஃபியட்டா, ஸ்டாண்டர்டு ஹெரால்டா என்று சொல்லிவிடுவோம். நான் அரசுப் பணியில் இருந்தபோது, மேலதிகாரியின் டீசல் ஜீப் தெரு முனையில் திரும்பும் சத்தம் கேட்டதும் அலுவலகமே நிமிர்ந்து உட்காரும். தேநீர் டம்ளர்கள் மேஜைக்கு அடியில் மறையும். இன்றைக்கு அந்த ஜீப்பின் புகைப்படம் என்னிடம் இருக்கிறது. சத்தம் இல்லை. போட்டோவை எடுத்துப் பேரனிடம் காட்டலாம். சத்தத்தை எப்படிக் காட்டுவது?

இந்தக் கேள்வியை 1950களிலேயே கேட்டுக்கொண்ட ஒருவர் இங்கிலாந்தில் இருந்தார். பீட்டர் ஹேண்ட்ஃபோர்டு என்று பெயர். தொழில் சினிமா ஒலிப்பதிவு. பின்னாளில் 'அவுட் ஆஃப் ஆஃப்ரிக்கா' படத்துக்காக ஆஸ்கர் வாங்கியவர். 1955-ல் பிரிட்டிஷ் ரயில்வே, நீராவி இன்ஜின்களைக் கைவிடும் நவீனத் திட்டத்தை அறிவித்தது. அந்தக் காலகட்டத்தில் இவர் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் ஸ்டேஷனாக, மேடு மேடாகப் போய் நீராவி இன்ஜின்களின் சத்தத்தைப் பதிவு செய்து இசைத்தட்டாக வெளியிட்டார். 1968 ஆகஸ்டில் அங்கே நீராவி ரயிலின் வழக்கமான ஓட்டம் முடிந்தது. இன்ஜின்கள் பழைய இரும்புக்குப் போயின. சத்தம் தட்டில் தங்கியது.

காருக்கும் இப்படி நடந்தது. அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலத்தில் செப்ரிங் என்ற ஊர். இரண்டாம் உலகப் போர்க்கால விமானத் தளத்தில் 1952 முதல் அங்கே 12 மணி நேரக் கார் பந்தயம் நடக்கிறது. ஜாஸ் இசைத்தட்டுகளுக்குப் பேர்போன நியூயார்க்கின் ரிவர்சைடு கம்பெனி, அந்தப் பந்தயக் கார்களின் சத்தத்தையும் ஓட்டுநர்களின் பேச்சையும் பதிவு செய்து 'சவுண்ட்ஸ் ஆஃப் செப்ரிங்' என்று தட்டுகளாகவே விற்றது. பாட்டு இல்லை, இசை இல்லை, வெறும் இன்ஜின். வாங்க ஆள் இருந்தார்கள்! 1966-ல் வந்த 'கிராண்ட் ப்ரீ' என்ற பந்தயப் படத்துக்குக் கிடைத்த மூன்று ஆஸ்கர்களில் இரண்டு ஒலிக்காகக் கிடைத்தவை.

நமக்கும் ஒரு செப்ரிங் இருந்தது. சென்னைக்கு வடக்கே சோழவரம். அதுவும் போர்க்கால விமான ஓடுதளம்தான். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல வருடங்கள் பந்தயம் நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடம் வந்தது. சோழவரம் பார்த்தவர்கள் நம்மில் சிலர் இருப்பீர்கள். அந்தச் சத்தத்தை வாயால்தான் செய்து காட்ட முடிகிறது, இல்லையா? அதற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்தில் வசதியுள்ளவர்கள் வைத்திருந்த 8 மி.மீ. சினிமா கேமராக்கள் பெரும்பாலும் ஊமை. கோடக் கம்பெனியே 1973-ல்தான் ஒலியோடு கூடிய சூப்பர் 8 பிலிமைக் கொண்டு வந்தது. செப்ரிங்கின் சத்தம் கடையில் தட்டாக விற்றது. சோழவரத்தின் சத்தம் பார்த்தவர் நினைவோடு போய்க்கொண்டிருக்கிறது.

சினிமாவில் இருக்குமே என்பீர்கள். பழைய படங்களில் ஓடும் கார்களை நம்ப முடியாது. படத்துக்கு ஒலியைப் பின்னால் சேர்ப்பது வழக்கம் என்பதால், திரையில் ஓடுவது ஒரு வண்டி, காதில் விழுவது வேறொரு வண்டியாக இருக்கலாம்.

பிலிப்ஸ் கம்பெனி 1963-ல் அறிமுகம் செய்த கேசட், நம் வீடுகளுக்கு 70களிலும் 80களிலும் வந்தது. வளைகுடாவிலிருந்து வந்தவர்கள் தோளில் டேப் ரெக்கார்டரோடு இறங்கியது நினைவிருக்கும். அதிலும் ஒரு சிக்கல். பல ரெக்கார்டர்களில் சத்த அளவைத் தானே கூட்டிக் குறைக்கும் ஏற்பாடு உள்ளுக்குள் இருந்தது. பேச்சுக்கு அது நல்லது. இன்ஜினுக்கு ஆகாது. இன்றைய செல்போனிலும் இருப்பது அதே ஏற்பாடுதான். இளைஞர்களின் வீடியோக்கள் சொதப்புவதன் மூலகாரணமும் அதுதான்.

நடப்பது என்னவென்றால், வண்டி ஐடிலிங்கில் மெதுவாக ஓடும்போது போன் அந்தச் சத்தத்தைத் தூக்கிக் காட்டுகிறது. ஆக்சிலேட்டரை மிதித்ததும் பயந்துபோய் அமுக்கிவிடுகிறது. மெதுவும் வேகமும் ஒரே அளவில் கேட்கும். ஏற்ற இறக்கம் இல்லாத ஆலாபனை மாதிரி ஆகிவிடும். அமுக்கியும் தாங்காத உரத்த ஒலி, உச்சி வெட்டப்பட்டு 'கர கர'வென்று பதிவாகும். போதாக்குறைக்கு, மனிதக் குரலைத் தெளிவாக்குவதற்காக, ஒரே சீராக வரும் சத்தத்தை இரைச்சல் என்று நினைத்து நீக்கும் போன்களும் உண்டு. நாம் பிடிக்க வந்ததே அந்தச் சீரான சத்தத்தைத்தான்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. நான்கு வீச்சு பெட்ரோல் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். நிமிடத்துக்கு 900 சுற்று என்று வைத்துக்கொள்வோம். ஒற்றை சிலிண்டர் புல்லட், வினாடிக்கு ஏழரை முறை வெடிக்கும். மூன்று சிலிண்டர் மாருதி 800-க்கு இருபத்திரண்டரை. நான்கு சிலிண்டர் அம்பாசடருக்கு 30. வினாடிக்கு இருபதுக்குக் கீழே இருந்தால் நம் காது அதைத் தனித்தனி அடியாகக் கேட்கிறது. மேலே போனால் ஒரே ரீங்காரமாகக் கேட்கிறது. புல்லட் 'டப் டப்' என்று எண்ணும்படி கேட்பதும், அம்பாசடர் 'ம்ம்ம்' என்று முனகுவதும் இதனால்தான். இந்த அடித்தொனியைச் செல்போனின் சின்ன ஸ்பீக்கர் வெளிப்படுத்தாது. பதிவு நன்றாக இருக்கிறதா என்று ஹெட்போன் மாட்டித்தான் பார்க்க வேண்டும்.

சரி, மைக்கை எங்கே வைப்பது? பதில் எதிர்பாராத இடத்தில் இருக்கிறது. வாகன இரைச்சலைக் கட்டுப்படுத்துகிற அதிகாரிகளின் அளவீட்டு முறையே நமக்குப் பாடம். நிற்கும் வண்டியைச் சோதிக்க, உலகம் முழுவதும் ஏற்ற ஐ.எஸ்.ஓ. 5130 தரமுறை சொல்வது இது: சைலன்சர் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, புகை வரும் திசைக்கு 45 டிகிரி சாய்வாக, வாயின் உயரத்திலேயே, தரையிலிருந்து குறைந்தது 20 செ.மீ. மேலே மைக் இருக்க வேண்டும். நேர் பின்னால் வைத்தால் புகைக்காற்று மைக்கில் மோதி 'புஸ் புஸ்' என்று கெடுத்துவிடும். ஓடும் வண்டிக்கு வேறு கணக்கு. வண்டி போகும் நடுக்கோட்டிலிருந்து ஏழரை மீட்டர் தள்ளி, 1.2 மீட்டர் உயரத்தில் மைக். ஏழரை என்றதும் சனி ஞாபகம் வர வேண்டாம், நல்ல இடம்தான் அது. சத்தத்தைக் குறைக்க வந்தவரும் காப்பாற்ற வந்தவரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள்!

அந்தத் தரமுறைகள் இன்னும் இரண்டு நிபந்தனைகள் சொல்கின்றன. காற்று வினாடிக்கு 5 மீட்டருக்கு மேல், அதாவது மணிக்கு 18 கி.மீ.க்கு மேல் வீசக்கூடாது. சுற்றுப்புறச் சத்தம் வண்டியின் சத்தத்தைவிடக் குறைந்தது 10 டெசிபல் தாழ்ந்திருக்க வேண்டும். எதிரொலிக்கும் சுவர்களும் பக்கத்தில் கூடாது. சுவரே இல்லாத நம் உப்பளவெளி இந்த வகையில் அருமையான இடம். ஆனால் முற்பகலுக்கு மேல் கடற்காற்று எழுந்துவிட்டால் மைக்கில் புயல்தான். ஆகவே விடியற்காலை, காற்று ஓய்ந்திருக்கும் நேரம் உத்தமம். மைக்கின் மேல் பஞ்சு உறையோ, முடி அடர்ந்த கம்பளித் துணியோ போர்த்துங்கள். வரப்பில் வண்டியை ஏற்ற வேண்டாம், அது உப்பள ஆட்களின் பிழைப்பு. சாலையோரத்திலும் வேண்டாம், உள்ளே தள்ளிய காலி மைதானம் பாருங்கள். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓட விடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, இரக்கமும் கிடையாது.

படத்தை ஒரு போனிலும் ஒலியை இன்னொரு போனிலோ சின்ன ரெக்கார்டரிலோ எடுப்பது நல்லது. தொடக்கத்தில் ஒருமுறை கை தட்டினால் இரண்டையும் பிறகு பொருத்திவிடலாம். சினிமாவில் கிளாப் பலகை அடிப்பதும் அதற்குத்தான். அளவைக் கையால் வைக்கும் வசதி இருந்தால், முதலில் அதிகபட்சச் சத்தத்தைக் கேட்டு, மீட்டர் சிவப்பைத் தொடாதபடி வையுங்கள். பிறகு அதைத் தொடவே வேண்டாம்.

இளைஞர்களிடம் எனக்குள்ள வருத்தம் இங்கேதான். பதிவு சரியாக வரவில்லை என்று சைலன்சரையே மாற்றுகிறார்கள், குடைகிறார்கள். மைக் செய்ய வேண்டிய வேலையை சைலன்சரிடம் கேட்கிறார்கள். 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 120-வது விதி, ஒவ்வொரு வண்டிக்கும் சைலன்சர் கட்டாயம் என்கிறது. இரைச்சல் விதியை மீறி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 190-வது பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ கிடைக்கலாம். சட்டத்தை விடுங்கள். குடைந்த சைலன்சரின் சத்தம் அந்த வண்டியின் சத்தமே அல்ல. யாரோ ஒருவர் குரலில் கத்துவதைப் பதிவு செய்து, தாத்தாவின் குரல் என்று வைத்துக்கொள்வதில் என்ன பயன்?

உண்மையான குரல்கள் வேகமாகக் குறைகின்றன. ஃபியட் வழியில் வந்த பத்மினி போயிற்று. 2014 மே மாதம் உத்தர்பாராவில் அம்பாசடர் உற்பத்தி நின்றது. பதினைந்து வருடம் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் செல்லாது என்றானது. நான் சொன்ன ஜீப்பின் இனம் அதோடு கணக்கு முடித்துக்கொண்டது. பந்தயத்திலும் இதே கதை. நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன்றில் ஓட்டியபோது அங்கே பத்து சிலிண்டர் இன்ஜின்கள் வீரிட்டன. 2014-ல் ஆறு சிலிண்டர் டர்போவும் மின்மோட்டாரும் வந்து சத்தம் தணிந்ததும் ரசிகர்கள் குறைப்பட்டார்கள். இப்போது நம் தெருவிலேயே மின்சார வண்டி பூனை மாதிரி வருகிறது. காதுக்கும் காற்றுக்கும் நல்லதுதான்; நான் அதை எதிர்க்கவில்லை. போவது போகட்டும், குரலை மட்டும் எடுத்து வைப்போம் என்கிறேன்.

உங்கள் கொட்டகையிலோ பக்கத்து வீட்டிலோ, அசல் சைலன்சரோடு ஒரு பழைய அம்பாசடர், புல்லட், லேலண்ட் லாரி, இறைப்பு ஆயில் இன்ஜின், எது இருந்தாலும் சரி. இரும்புக் கடைக்குப் போகும் முன் ஒரு விடியற்காலை ஒதுக்குங்கள். பத்து நிமிடம் போதும். ஆறிக்கிடக்கும் இன்ஜினை எழுப்புவதிலிருந்து தொடங்குங்கள். அந்தத் தயக்கமும் இருமலும்தான் அதன் சுபாவம். பிறகு அரை நிமிடம் ஐடிலிங். மெதுவாக ஏற்றி, விட்டு இறங்கும் சத்தம். ஒருமுறை கடந்து போகும் சத்தம். கடைசியில் சாவியைத் திருப்பியதும் அடங்கும் சத்தம். யாரும் பேச வேண்டாம், பாட்டு சேர்க்க வேண்டாம். எல்லாம் முடிந்த பிறகு, வண்டி எந்த வருடத்தது, யார் ஓட்டியது, எந்த வேலைக்கு ஓடியது என்று உங்கள் குரலிலேயே நான்கு வரி சொல்லிப் பதிவு செய்யுங்கள். தேதியையும் சொல்லுங்கள். கைபேசியில் மட்டும் விடாமல் இன்னொரு இடத்திலும் நகல் வையுங்கள்.

செல்போனைக் கையாளப் பேரப் பிள்ளைகளுக்குத் தெரியும். எந்தச் சத்தம் அசல் என்று நமக்குத்தான் தெரியும். இருவரும் சேர்ந்தால்தான் இந்த வேலை நடக்கும்.