கூத்தும் கச்சேரியும்: சத்தத்துக்கு நாங்கள் வைத்த பெயர்கள்

போன மாசம் ஒரு சனிக்கிழமை ராத்திரி, புளியந்தீவில் நண்பர் ஒருவரின் வீட்டு முற்றத்தில் பத்துப் பேர் இருந்து கதைத்துக்கொண்டிருந்தோம். பார்த்து முடித்த படம் ஒன்றைப் பற்றி வாக்குவாதம். சத்தம் கொஞ்சம் கூடித்தான் போயிற்று, மறுக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியப்பா மதிலுக்கு மேலால எட்டிப் பார்த்து, "என்ன புள்ளைகள் இது, ராவுல கூத்தடிக்கிறீங்க?" எண்டார். அடங்கிட்டம். அவர் உள்ளே போன பிறகு எங்களில் ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்: "ஏன் கூத்து எண்டு சொல்றார்? நாங்க ஆடவும் இல்ல, பாடவும் இல்லையே."

அன்றிரவே ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினோம். கூத்து, கும்மாளம், ரகளை, கலாட்டா, அமளி, அமர்க்களம், அட்டகாசம், ஆர்ப்பாட்டம், பைலா, தம்பட்டம். ஆளுக்கொன்று சொல்ல ஒரு பக்கம் நிறைந்துவிட்டது. பிறகு அகராதிகளையும் பழைய புத்தகங்களையும் புரட்டினோம். பட்டியலில் இருந்த சொற்களில் பாதிக்கு மேல் முதலில் சத்தத்தைக் குறிக்கவே இல்லை. ஒன்று யாரோ ஆடிய ஆட்டம், ஒன்று யாரோ அடித்த மேளம், இன்னொன்று யாரோ செத்த போர்க்களம். அவை எப்படி "வாயை மூடு" எண்டு சொல்லுறதுக்கான சொற்களாக மாறின? அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறோம்.

சத்தத்துக்குத் தமிழில் சொற்பஞ்சம் எப்போதும் இருந்ததில்லை. தொல்காப்பியத்தின் உரியியலில் கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் என்ற நான்கும் ஓசையைக் குறிப்பவையாகச் சேர்த்துச் சொல்லப்படுகின்றன. மதுரைக்காஞ்சி போன்ற பாட்டுகளில் ஊரின் இரைச்சல் வளத்தின் அடையாளமாக வரும். சத்தமில்லாத ஊர்தான் கெட்டுப்போன ஊர். ஆனால் அந்த நான்கில் அழுங்கல் என்பதற்குத் தொல்காப்பியர் இன்னும் இரண்டு பொருள் தருகிறார்: இரக்கம், கேடு. ஒரே சொல்லுக்குள் இரைச்சலும் அழுகையும் அழிவும். இதை வாசித்தபோது எங்களுக்குச் சிரிப்பு நின்றுபோனது. ஏன் எண்டு கடைசியில் சொல்றோம்.

அந்த நான்கு சொற்களையும் இன்றைக்குப் பேச்சில் யாரும் பாவிப்பதில்லை. அவற்றின் இடத்துக்கு வந்தவற்றில் ஒரு பகுதி போர்க்களத்திலிருந்து வந்தவை. அமர் எண்டால் போர். அமர்க்களம் எண்டால் போர்க்களம். இன்றைக்குக் கலியாண வீட்டில் "அமர்க்களமா இருந்திச்சு" எண்டு சந்தோசமாகச் சொல்கிறோம். அட்டகாசம் வடமொழி அட்டஹாசத்திலிருந்து வந்தது, அதாவது பெருஞ்சிரிப்பு. அது "இவன்ட அட்டகாசம் தாங்க ஏலா" எண்டு கீழேயும் இறங்கும், "பாட்டு அட்டகாசம்" எண்டு மேலேயும் ஏறும். ரகளை தெலுங்கு, கன்னடப் பக்கத்துச் சொல். கன்னடத்தில் ரகளெ எண்டால் தொல்லை, கரைச்சல். அதே பெயரில் அங்கே ஒரு செய்யுள் வகையும் இருக்கிறது; அரிகரன் என்ற புலவர் சிவனடியார் வரலாறுகளைப் பாடிப் புகழ்பெற்றது அந்த வகையில்தான்.

இவையெல்லாம் வேடிக்கையான பயணங்கள். எங்களை உறுத்திய சொற்கள் வேறு.

முதலாவது கூத்து. மட்டக்களப்பில் இருந்துகொண்டு இந்தச் சொல்லை வசவாகப் பாவிக்கிறது கொஞ்சம் வெட்கமான விசயம். வடமோடி, தென்மோடி எண்டு இரண்டு வகைக் கூத்தை ஊர் ஊராக வைத்திருந்த நிலம் இது. ஒரு கூத்தைக் களரி ஏற்றுவதற்குப் பின்னால் மாசக்கணக்கில் வேலை இருக்கிறது. அண்ணாவியார் ஆளைப் பார்த்து வேசம் பிரித்துச் சட்டம் கொடுப்பார். பகல் முழுக்க வயலிலும் வாவியிலும் வேலை செய்த ஆட்கள் ராவில் வந்து மத்தளத்துக்குத் தாளக்கட்டுப் பழகுவார்கள். பிறகு சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், கடைசியில் வட்டக்களரியில் விடிய விடிய ஆட்டம். கால் ஒன்று பிசகினால் அண்ணாவியாரின் கண் உடனே அங்கே நிற்கும். கட்டுப்பாடு இல்லாத கூச்சலுக்கு இதைவிடத் தூரமான ஒன்றைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

பிறகு ஏன் "கூத்தடிக்கிறான்", "கூத்தாடி" எண்டெல்லாம் வந்தது? படித்தவர்களின் கண்ணில் அது கிராமத்தார் ராவில் நித்திரையைக் கெடுக்கும் ஆரவாரமாகத் தெரிந்ததுதான் காரணமென்று நினைக்கிறோம். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கூத்தை மேடையேற்றியபோதுதான் (கர்ணன் போர் 1962 இல் வந்தது) பலர் அதை முதன்முதலாகக் கலையாகப் பார்த்தார்கள். விடிய விடிய நடந்தது மேடைக்காகச் சுருக்கப்பட்டது, வட்டக்களரி ஒருபக்க மேடையானது. சி. மௌனகுரு போன்றோர் அந்த வழியில் தொடர்ந்தார்கள். 2000களின் தொடக்கத்தில் சி. ஜெயசங்கரும் மூன்றாவது கண் குழுவினரும் சீலாமுனைக் கலைஞர்களோடு சேர்ந்து, கூத்தை அது பிறந்த ஊருக்குள்ளேயே வைத்துத் திரும்பச் செய்துபார்த்தார்கள். இவ்வளவு நடந்தும் வசவு மட்டும் நாக்கில் அப்படியே இருக்கிறது.

இதோடு கச்சேரி என்ற சொல்லை வைத்துப் பாருங்கள். எங்கட ஊரில் கச்சேரி எண்டால் அரச அலுவலகம். போர்த்துக்கேயர் 1628 இல் புளியந்தீவில் கட்டி, 1638 இல் ஒல்லாந்தரிடம் பறிகொடுத்த கோட்டைக்குள்தான் கச்சேரி நெடுங்காலம் இயங்கியது. பிறப்புப் பதிவோ காணி உறுதியோ, "கச்சேரிக்குப் போகணும்" எண்டால் எல்லாருக்கும் விளங்கும். இந்தச் சொல் ஹிந்தியிலிருந்து வந்தது. அங்கே அது நீதிமன்றம், அலுவலகம். தமிழில் அதே சொல் சபையைக் கூட்டிப் பாடும் சங்கீதத்துக்கும் பெயராயிற்று. ஒரு பக்கம் ஆட்டத்தின் பெயர் அடங்காத கூச்சலுக்குப் போனது. மறுபக்கம் அதிகாரம் உட்கார்ந்த இடத்தின் பெயர் மரியாதையான பாட்டுக்கு வந்தது. இரண்டிலும் மிருதங்கமோ மத்தளமோ அதிரத்தான் செய்கிறது, காது ஒன்றுதான். யார் அடிக்கிறார், யாருக்கு முன்னால் அடிக்கிறார் என்பதுதான் பெயரைத் தீர்மானித்திருக்கிறது.

பறையின் கதை இன்னும் கசப்பானது. பறை எண்டால் பழைய தமிழில் சொல்லுதல். ஈழத்துப் பேச்சில் "பறையாம இரு" எண்டு இன்றும் கேட்கலாம், மலையாளத்தில் அது அன்றாடச் சொல். செய்தி சொன்ன மேளத்துக்கும் அதே பெயர். "பறைசாற்றுதல்" உயர்ந்த நடையில் நின்றுகொண்டது. "தம்பட்டம் அடிக்கிறான்" எண்டால் பெருமை பீத்துகிறான். மேளத்தை அடித்த ஆளுக்கோ சாதிப்பெயரே இழிவாக்கப்பட்டது. அந்தச் சாதிப்பெயரை ஆங்கிலமும் எடுத்துக்கொண்டு, ஒதுக்கிவைக்கப்பட்டவர் எவருக்கும் பொதுச்சொல்லாக உலகம் முழுக்கப் பரப்பிவிட்டது. சாவு வீட்டுக்கும் கோயிலுக்கும் பறை வேணும், ஆனால் பறையடித்தவர் எட்ட நிற்கணும். இந்தக் கணக்குக்கு எதிராகத்தான் எங்கட பகுதியில் பல இளைஞர்கள் "இனி அடிக்க மாட்டம்" எண்டு மேளத்தைக் கீழே வைத்தார்கள். அவர்களைப் பார்த்து "கலையை அழிச்சிட்டாங்க" எண்டு சொல்ல எங்களுக்கு வாய் வராது.

ஆங்கிலேயர் இந்த மேளங்களையெல்லாம் ஒரே பெயரில் "டொம் டொம்" எண்டார்கள். மேளம் அடித்த சிங்கள, தமிழ்ச் சாதிகளை "டொம் டொம் அடிப்போர்" எண்டே பதிவுகளில் எழுதினார்கள். 1865 ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டம், நகரங்களுக்குள் அனுமதிப்பத்திரம் இல்லாமல் டொம் டொம் அடிப்பதைத் தடைசெய்தது. எது இசை, எது இரைச்சல் என்பதைத் தீர்மானிக்கும் வேலை இப்படி அதிகாரிகளின் கைக்குப் போனது. கம்பளையில் பெரஹர பள்ளிவாசலைக் கடக்கும்போது மேளம் அடிக்கலாமா கூடாதா என்ற பிணக்கு நீதிமன்றம் வரை போய், 1915 கலவரத்துக்கு முன்கதையானது. ஒரு மேளச் சத்தத்துக்கு என்ன பெயர் வைக்கிறோம் என்பது சின்ன விசயமில்லை.

அடுத்தது பைலா. சிங்களத்தில் பைலா எண்டால் பாட்டும் ஆட்டமும் மட்டுமல்ல, அரசியல்வாதி அவிழ்த்துவிடும் வெறும் கதையும்தான். எங்களுக்குள்ளும் "பைலா விடாத" எண்டால் புளுகாத எண்டு அர்த்தம். சொல்லின் வேர், ஆடுதல் என்ற பொருளுள்ள போர்த்துக்கேயச் சொல். அதற்கு மூத்த சகோதரம் காபிரிஞ்ஞா. ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களைப் போர்த்துக்கேயர் அழைத்த பெயர் அதற்குள் இருக்கிறது. அரபியில் "நம்பிக்கையற்றவர்" என்ற பொருளில் தொடங்கிய அந்தப் பெயர், தமிழில் காப்பிரி, காப்பிலி எண்டு வந்து சுருட்டை முடிக்காரரைக் கேலி பண்ணும் சொல்லாகவும் ஆயிற்று. புத்தளத்துக்குக் கிட்ட சிரம்பியடியில் இருக்கும் ஆபிரிக்க வழிவந்த மக்கள் இன்றும் மஞ்ஞாப் பாட்டுகளைப் போர்த்துக்கேயக் கிரியோலில் பாடுகிறார்கள்.

அந்தக் கிரியோல் இன்னும் பேசப்படும் ஊர்களில் ஒன்று மட்டக்களப்பு. இங்குள்ள பறங்கியர் தலைமுறை தலைமுறையாகத் தச்சு, இரும்பு வேலை, சப்பாத்து தைத்தல் எண்டு கைத்தொழில் செய்தவர்கள். கொழும்பில் உத்தியோகம் பார்த்த ஒல்லாந்தப் பறங்கியர் இவர்களைக் கீழாகப் பார்த்தார்கள். 2004 சுனாமி இவர்கள் வாழ்ந்த டச்பாரை அள்ளிக்கொண்டு போனது. இவர்கள் கலியாண வீட்டில் வயலினுக்குக் காபிரிஞ்ஞா ஆடுவது ஒழுங்குள்ள ஒரு சடங்கு, அதில் சோடிகளுக்கு முறையான அடிகள் உண்டு. 1940களில் வொலி பஸ்தியன் கொழும்பில் சிங்களப் பைலாவைப் பிரபலமாக்கிய பிறகு நாடு முழுக்க ஆடத் தொடங்கியது. ஆட்டம் எல்லாருக்கும் பிடித்துப்போனது. அதைக் கொண்டுவந்த ஆட்களுக்கு மட்டும் மரியாதை வந்து சேரவில்லை. அவர்களின் சொல் "வெறும் கதை" ஆனதுதான் மிச்சம். இலண்டனில் மனநோயாளர்களை அடைத்துவைத்த பெத்லெம் ஆஸ்பத்திரியின் பெயர் திரிந்து "பெட்லம்" என்றாகி, ஆங்கிலத்தில் கூச்சல் குழப்பத்துக்கான சொல்லானதும் இதே மாதிரியான கதைதான்.

இந்த இடத்தில் எங்களுக்குள் ஒருவர் குறுக்கே கேட்டார்: "அப்ப குரவை?" நல்ல கேள்வி. சிலப்பதிகாரத்தில் குரவை ஒரு ஆட்டம். மட்டக்களப்பில் அது பெண்கள் நாக்கைச் சுழற்றி எழுப்பும் மங்கலச் சத்தம். தமிழ்ப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் நல்ல காரியங்களில் குரவை போடுவார்கள். தெரு முனை வரைக்கும் கேட்கும். ஆனாலும் யாரும் அதை இரைச்சல் எண்டதில்லை, அது வசவாகவும் மாறவில்லை. கூலிக்கு என்று ஒரு சாதியின் தலையில் அது கட்டப்படவில்லை. எல்லா வீட்டுப் பெண்களும் போட்டார்கள். அதனால் தப்பியது எண்டு நினைக்கிறோம்.

இனி, சிரிப்பு ஏன் நின்றது என்பது. போர்க்களச் சொற்கள் கொண்டாட்டச் சொற்களானதைப் பார்த்தோம். எங்கட ஊரில் அது திரும்பவும் மறுபக்கம் போனது. வெடி எண்டால் திருவிழா வெடி, கலியாண வெடி. 1990 ஐக் கண்ட எங்கட அம்மாமாருக்கு "சத்தம் கேட்டிச்சா?" என்ற கேள்வியில் எந்தச் சத்தம் எண்டு விளக்கத் தேவையில்லை. விடிய விடியக் கூத்தாட ராவு வேணும். ராவு ஊரடங்குக்குப் போயிருந்தது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்ததை இந்த ஊர் கேட்டது. அதன் பிறகு கொஞ்சக் காலம் தூரத்தில் பட்டாசு கேட்டாலும் நாங்கள் முதலில் ஒருவரை ஒருவர்தான் பார்த்தோம். இரைச்சலும் அழுகையும் கேடும் ஒரே சொல்லுக்குள் இருக்கலாம் என்பது எங்களுக்குப் புத்தகத்தில் படித்துத்தான் தெரியவேண்டும் என்றில்லை.

கொப்பியில் கடைசியாக இருந்த சொல் ஆர்ப்பாட்டம். ஆர்ப்பு பழைய சொல், போரிலும் விழாவிலும் எழும் முழக்கம். "சும்மா ஆர்ப்பாட்டம் பண்ணாத" எண்டு பிள்ளைகளை அடக்கியது போய், இன்றைக்குப் பத்திரிகையில் ஆர்ப்பாட்டம் எண்டால் நீதி கேட்டு வீதியில் நிற்பது. காந்தி பூங்காவுக்கு முன்னால், காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்தைப் பிடித்தபடி வாய் திறக்காமல் நிற்கும் அம்மா செய்வதும் செய்தியில் ஆர்ப்பாட்டம்தான். ஒரு சத்தமும் இல்லை. ஆனாலும் அந்தச் சொல் அங்கே பிழையில்லை எண்டு எங்களுக்குத் தோன்றுகிறது.

சொற்களைத் தடைசெய்யச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. நாளைக்கும் எங்களுக்குள் "என்னடா கூத்து" எண்டுதான் கதைப்போம். யாருடைய கலையைச் சொல்லித் திட்டுகிறோம் என்பது தெரிந்து கதைப்போம், அவ்வளவுதான்.

போன கிழமை அந்தப் பெரியப்பாவிடம் இதையெல்லாம் சொன்னோம். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தவர் சிரித்தார். இளந்தாரி வயசில் அவரும் வடமோடியில் வேசம் கட்டி ஆடினவராம். அது எங்களுக்கு இத்தனை நாளும் தெரியாது. "கூத்தெண்டா என்னண்டு தெரியுமா மனே? சதங்கையக் கட்டினா விடியும் மட்டும் கால் ஓயப்படா. நான் உங்களக் கூத்தெண்டு சொன்னது பிழைதான். நீங்க செஞ்சது வெறும் சத்தம்."

அடுத்த சனிக்கிழமை முற்றத்துக்கு வரச் சொல்லியிருக்கிறோம். வாறன் எண்டிருக்கிறார்.