களவுக்கு ஈடு சொன்ன காவல்காரன்

திருப்போரூர்ப் பக்கம் 250 ஆண்டுகளுக்கு முன் ஒரு குடியானவன் வீட்டில் களவு போயிருந்தால், அவன் நேரே காவல்காரனிடம்தான் போயிருப்பான். திருடனைத் தேடிப் பிடித்துப் பொருளை மீட்டுத் தரவேண்டியது காவல்காரன் பாடு. மீட்க முடியாவிட்டால் போன பொருளின் மதிப்பை அவனே வைக்க வேண்டும். அந்தப் பொறுப்புக்காகத்தான் அறுவடைக்கு அறுவடை களத்துமேட்டில் அவனுக்கு நெல் அளந்தார்கள்.

என் தாத்தா தலையாரி, அதாவது ஊர்க்காவலர். திருக்கழுக்குன்றத்துக்குக் கிழக்கே, கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் ஒரு சிற்றூர். பித்தளை வில்லை பதித்த தோல்வாரைக் குறுக்கே போட்டுக்கொண்டு, தன் தோள் உயர மூங்கில் தடியோடு அவர் கிளம்பினால் தெருநாய்கள்கூட எழுந்து வழிவிடும். ஈடு கட்டும் வழக்கம் அவர் காலத்துக்கு வெகுமுன்பே ஒழிந்துவிட்டது. ஆனாலும் ஊரில் ஒரு பித்தளைச் சொம்பு காணாமல் போனால் அது தன் மானத்தைத் தொட்ட காரியம் என்றுதான் அவர் கடைசிவரை நினைத்தார். அந்த நினைப்பு அவருக்கு எங்கிருந்து வந்தது என்று தேடப்போய்த்தான் நான் செங்கல்பட்டுச் சீமையின் காவல் வரலாற்றுக்குள் நுழைந்தேன்.

இதை இப்போது எழுதக் காரணம் சிறுசேரியில் கணினி வேலை பார்க்கும் என் தங்கை மகன். ஜேசன் ரோரர் என்ற அமெரிக்கர் 2014இல் வெளியிட்ட ‘தி கேஸில் டாக்ட்ரின்’ என்ற விளையாட்டை அவன் எனக்குக் காட்டினான். பல பேர் இணையம் வழியே ஒரே நேரத்தில் ஆடுவது. ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு, 2,000 டாலர், மனைவி, பிள்ளைகள். பணத்தைப் பெட்டகத்தில் வைத்துச் சுவர், மின்சாரப் பொறி, நாய், பள்ளம் என்று காவல் கட்ட வேண்டும். பிறகு மற்றவர் வீட்டில் போய்த் திருட வேண்டும். நாம் வெளியே போயிருக்கும்போது நம் வீட்டில் வேறொருவர் புகுவார். செத்தால் செத்ததுதான், எல்லாம் போய்விடும். அதில் ஒரு விதி எனக்குப் பிடித்திருந்தது. தன் வீட்டின் பொறிகளைக் கடந்து வாசலிலிருந்து பெட்டகம்வரை தானே உயிரோடு நடந்து காட்டினால்தான் அந்த வீடு ஆட்டத்தில் சேரும். யாராலும் நுழைய முடியாத வீட்டைக் கட்ட அனுமதி இல்லை.

பார்க்கப் பார்க்க எனக்கு உறுத்தியது வேறொன்று. அந்த விளையாட்டில் தெரு இல்லை. கூப்பிட்டால் ஓடிவர அண்டைவீடு இல்லை. ஆயிரம் வீடு இருந்தாலும் ஒவ்வொன்றும் தனித்தீவு. எல்லாரும் திருடர், எல்லாரும் வீட்டுக்காரர். மூன்றாவது ஆள் ஒருவன் இருந்தாக வேண்டுமே என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

திருடனின் கைத்தொழிலுக்கு எங்கள் பக்கத்தில் பழைய சாட்சி உண்டு. காஞ்சியில் பல்லவர் காலத்தில் வாழ்ந்த தண்டி எழுதிய ‘தசகுமார சரித’த்தில் இரவில் கன்னமிடக் கிளம்பும் ஒருவனின் கருவிகள் பட்டியலாகவே வருகின்றன. பாம்புப் படம் போன்ற தோண்டுகருவி, இடுக்கி, அளவுநூல், நண்டுக்கொடுக்குக் கொக்கி கட்டிய கயிறு, விளக்கை அணைக்க வண்டு அடைத்த செப்பு, மனிதத் தலை போலச் செய்த ஒரு பொம்மை. இதே தண்டி மாமல்லபுரத்துக்கும் வந்தவர். கடற்கரையில் பள்ளிகொண்ட திருமாலின் உடைந்த கையை லலிதாலயன் என்ற சிற்பி ஒட்டுத் தெரியாமல் சீர் செய்ததைப் பார்க்கப் போனதாக ‘அவந்திசுந்தரி கதை’யில் சொல்கிறார்.

அந்தப் பொம்மைத் தலை எதற்கு என்பதைத் தாத்தாவிடமிருந்து நான் சிறுவயதிலேயே தெரிந்துகொண்டிருந்தேன். மண்சுவரில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்துக் கன்னக்கோலால் ஓசையில்லாமல் தோண்டுவார்கள். தாழ்ப்பாளுக்கு நேராக ஒரு கை நுழையும் அளவு, அல்லது பின்சுவரின் அடியில் ஓர் ஆள் நுழையும் அளவு. ஆள் நுழையும் ஓட்டையென்றால் அவன் உடனே உள்ளே போகமாட்டான். குச்சியில் ஒரு சட்டியை மாட்டி முதலில் அதை நீட்டுவான். வீட்டுக்காரன் விழித்துக்கொண்டு உலக்கையோடு காத்திருந்தால் அடி சட்டியின்மேல் விழும். பல்லவர் காலத்துப் பொம்மைத் தலைக்கும் எங்கள் ஊர் மண்சட்டிக்கும் வேலை ஒன்றுதான்.

வீட்டுக்காரனிடமும் தந்திரங்கள் இருந்தன. கதவுக்குக் குறுக்கே கணையமரம், குதிருக்கு அடியில் புதைத்த செம்பு, திண்ணையில் படுக்கும் கிழவர். ஆனால் இவற்றை மட்டும் நம்பி எந்த ஊரும் தூங்கவில்லை. சோழர் கல்வெட்டுகளிலேயே பாடிகாவல் என்ற வரி பேசப்படுகிறது. ஊர்க் காவலுக்கென்று குடிகள் கொடுத்தது. பிற்காலத்தில் அந்தக் காவல் உரிமை சிற்றரசர் கைக்கும் உள்ளூர்த் தலைவர்கள் கைக்கும் போய், சொத்தாகவே மாறியது. ஊராட்சியும் திருடனை ஒதுக்கியே வைத்தது: சோழர் காலத்தில் உத்திரமேரூரில் 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட குடவோலை விதிகளில் பிறர் பொருளை அபகரித்தவன் ஊர் வாரியத்துக்கு நிற்கக்கூடாது என்றே இருக்கிறது.

ஆர்க்காட்டு நவாப் முகமது அலி 1763இல் செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக, அதாவது வருவாய் மானியமாக, கொடுத்தார். அதன்பின் 1767 முதல் 1774வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் ஊர் ஊராகக் கணக்கெடுத்தார். 2,000க்கும் மேற்பட்ட ஊர்கள். அந்தந்த ஊர்க் கணக்குப்பிள்ளைகள் தமிழில் ஓலையில் எழுதிய கணக்குகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய இரண்டு ஊர்களின் கணக்கை மட்டும் சென்னையின் கொள்கை ஆய்வு மையம் 2001இல் நூலாக்கியது. செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர் ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்கவேண்டிய புத்தகம் என்பேன்.

அந்தக் கணக்குகளில் நான் கண்டது இதுதான். விளைந்த நெல் அரசுக்கும் உழுதவனுக்கும் மட்டும் போகவில்லை. கோயில், கணக்குப்பிள்ளை, தச்சன், கொல்லன், வண்ணான், நாவிதன், வெட்டியான் என்று ஊருக்கு உழைத்தவர் எல்லாருக்கும் அதில் பங்கு உண்டு. காவலுக்கும் அப்படியே. ஊருக்குள் தலையாரி. பல ஊர்களையும் ஊர்களுக்கு இடைப்பட்ட பாதைகளையும் சேர்த்துக் காக்கப் பாளையக்காரர். இருவருக்கும் மேரையாக நெல், மானியமாக நிலம். தெற்கத்திப் பாளையக்காரர்களைப் போலக் கோட்டை கட்டி ஆண்டவர்கள் என்று இவர்களை நினைக்கக்கூடாது. ஜாகீரின் பாளையக்காரர்கள் முதன்மையாகக் காவல் தலைவர்கள். களவு போனால் ஈடு சொல்லவேண்டியவர்கள்.

கோட்டைகளுக்கும் எங்கள் கரையில் குறைவில்லை. செங்கல்பட்டிலும் கோவளத்திலும் கோட்டை, அவை இரண்டையும் 1752இல் கிளைவ் பிடித்தார். சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் துணிமூட்டைகளைக் காக்கக் கட்டியது, ஆலம்பரையில் 1760இல் ஆங்கிலேயர் இடித்தது. இவையெல்லாம் அரசர்களும் கம்பெனிகளும் தங்கள் பண்டசாலைக்குப் போட்டுக்கொண்ட கதவுகள். 1780இல் ஹைதர் அலியின் குதிரைப்படை வந்தபோது இந்தச் சீமையின் ஊர்களை எந்தக் கோட்டையும் காக்கவில்லை. குடிகள் ஓடினார்கள். ஏரிகள் உடைந்து கிடந்தன.

அந்தப் பாழுக்குப் பிறகு கலெக்டராக வந்தவர் லயனல் பிளேஸ். 1794 முதல் 1798வரை இருந்தார். மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கதையில் வருகிறவர் என்றுதான் நம் மக்களுக்கு அவரைத் தெரியும். அவர் காலத்துக் கம்பெனி அதிகாரிகள் பாளையக்காரர்மேல் வைத்த குற்றச்சாட்டு ஒன்று திரும்பத் திரும்ப வரும்: காவல்காரர்களே திருடரோடு கூட்டு, மேரை வாங்கிக்கொண்டே களவும் செய்கிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. தனக்கு மேரை தராத ஊரில் காவல்காரனே கை வைக்கும் வழக்கம் தமிழ்நாட்டின் பல பகுதிகளில் இருந்தது. எதிரூர்க் காவலனோடு பேசித் திருட்டு மாட்டைத் துப்புக்கூலி கொடுத்து மீட்பதும் நடந்தது. ஆனால் கேட்க ஓர் ஆள் இருந்தான். பொருள் போனவன் போய் நின்று சண்டை பிடிக்க ஒரு வாசல் இருந்தது. என் மனம் அங்கேதான் நிற்கிறது.

1802இல் ஜாகீரை மிட்டாக்கள் என்ற நிலத்தொகுதிகளாகப் பிரித்து விற்றார்கள். அதே ஆண்டு தரோகாக்கள் என்ற காவல் அதிகாரிகளை வைத்துப் புதிய போலீஸ் அமைத்தார்கள். பாளையக்காரரின் காவலும் அதற்கான வருமானமும் அரசின் கைக்குப் போயின. தரோகா முறை பலிக்கவில்லை. 1816ஆம் ஆண்டின் 11ஆம் ஒழுங்குமுறைச் சட்டம் ஊர் முன்சீப்பின் கையில் காவலைத் திரும்பக் கொடுத்து, தலையாரியை அவருக்குக் கீழே நிறுத்தியது. திருடனைப் பிடித்துக் கொடுப்பது தலையாரியின் வேலையாகத் தொடர்ந்தது. போன பொருளுக்கு ஈடு என்பது மட்டும் கரைந்துபோனது. பின்னர் 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டத்தால் சென்னை மாகாணப் போலீஸ் பிறந்தபோது, அந்தப் பொறுப்பை அவர்களும் எடுத்துக்கொள்ளவில்லை.

மறு ஆண்டு, 1860இல், இந்தியத் தண்டனைச் சட்டம் வந்தது. அதன் 445ஆம் பிரிவு வீட்டை உடைத்துப் புகுவதை விளக்கும்போது சொன்ன முதல் எடுத்துக்காட்டே சுவரில் ஓட்டை போட்டுக் கையை உள்ளே விடுவதுதான். எங்கள் ஊர்க் கன்னம் சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது. 103ஆம் பிரிவு இன்னொன்றைச் சொன்னது: இரவில் வீட்டை உடைத்து வருபவனைத் தடுக்கும்போது, வேறு வழியில்லையென்றால், அவன் உயிர் போகும்வரைகூடப் போகலாம். 1604இல் இங்கிலாந்து நீதிமன்றம் அவனவன் வீடு அவனவனுக்குக் கோட்டை என்று சொன்ன வழக்கின் வாரிசு அது. ‘கேஸில்’ என்றால் கோட்டை; அந்த அமெரிக்க விளையாட்டின் பெயரும் அதே மரபுதான். களத்துமேட்டில் நெல் அளந்து பகிர்ந்துகொண்ட பொறுப்பு வீட்டுக்காரனின் உலக்கைக்குத் திரும்பியது இப்படித்தான்.

தாத்தா வேலை செய்த விதத்தைச் சொல்லவேண்டும். எங்கள் கரை மணற்பாங்கு. களவு நடந்த விடியற்காலையில் அவர் வீட்டுக்குள் போகமாட்டார், சுற்றி வருவார். நல்ல தடம் ஒன்று கிடைத்ததும் அதன்மேல் ஒரு மண்சட்டியைக் கவிழ்த்துவிடுவார், காற்று கலைத்துவிடாமல் இருக்க. அதன் பக்கத்தில் ஒரு சிறுவனைக் காவல் வைத்துவிட்டு ஸ்டேஷனுக்கு நடப்பார். தடத்தில் குதிகால் ஆழமாகப் பதிந்திருந்தால் ஆள் சுமையோடு போயிருக்கிறான். விரல் மட்டும் ஆழமாக இருந்தால் ஓடியிருக்கிறான். சவுக்குத் தோப்புகளில் காவலிருந்த இருளர்களைத்தான் அவர் துணைக்கு அழைப்பார். தன்னைவிட அவர்களுக்குக் கண் கூர்மை என்று வெளிப்படையாகச் சொல்வார். ஊரில் எது போனாலும் அதே இருளர்களைத்தான் முதலில் இழுத்துக்கொண்டு போனார்கள் என்பது அவருக்குத் தீராத வருத்தம். காவலுக்கு நிற்பவன்மேலேயே களவுப் பழி விழுவது ஜாகீர் காலத்தோடு முடிந்துவிடவில்லை.

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கணக்குப்பிள்ளை, முன்சீப் பதவிகளை ஒழித்துக் கிராம நிர்வாக அலுவலரைக் கொண்டுவந்தது. பரம்பரை ஆதிக்கம் ஒழிந்தது நல்லதே, அதில் எனக்கு இரண்டு கருத்தில்லை. தலையாரி பின்னாளில் கிராம உதவியாளர் ஆனார். இன்று அவர் கையில் இருப்பது கோப்பு, தடி அல்ல. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நெடுகத் தனி வீடுகள், சுவருக்குமேல் மின்கம்பி, கேமரா, ஏஜென்சி அனுப்பிய வட இந்தியக் காவலாளி. மாதச் சம்பளத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் அந்தப் பிள்ளைக்குத் தான் காக்கும் வீட்டுக்காரரின் முகமே பல நாள் தெரியாது.

நாங்கள் பள்ளிக்காலத்தில் ஆடிய சீட்டு விளையாட்டை இங்கே சொல்லியாக வேண்டும். ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன் என்று துண்டுத்தாளில் எழுதிக் குலுக்கிப் போடுவோம். போலீஸ் வந்தவன் எழுந்து திருடனைக் கண்டுபிடிக்க வேண்டும். சரியாகச் சொன்னால் அவனுக்கு மதிப்பெண், திருடனுக்குப் பூஜ்யம். தவறினால் போலீஸின் மதிப்பெண் அப்படியே திருடனுக்குப் போய்விடும். பிடிக்காத காவலன் தன் கையிலிருந்து இழக்க வேண்டும் என்ற நீதி அந்தத் துண்டுத்தாளில் இருந்தது.

தங்கை மகனும் அவன் நண்பர்களும் சொந்தமாக ஒரு விளையாட்டு செய்யப்போவதாகச் சொன்னார்கள். திருப்போரூரை வைத்துச் செய்யுங்கள் என்றேன். வீடுகள் இருக்கட்டும், கன்னம் வைப்பவர்களும் இருக்கட்டும். நடுவில் ஒரு காவல்காரன் வேண்டும். எல்லா வீட்டிலும் அறுவடைக்கு அவன் நெல் வாங்குவான், களவு போனால் தடம் பார்ப்பான், கிடைக்காவிட்டால் தன் குதிரிலிருந்து அளந்து கொடுப்பான்.

“மாமா, அந்தக் காவல்காரனே திருடினா?” என்று கேட்டான்.

திருடலாம் என்றேன். பக்கத்து ஊர்க் காவலனோடு பேசித் துப்புக்கூலியும் வாங்கலாம். அப்படிச் செய்தது வெளியே தெரிந்தால் அடுத்த அறுவடையில் எந்த வீடும் அவனுக்கு நெல் அளக்காது. அந்த விதியையும் எழுதிக்கொள் என்றேன்.