அரைப்படி நெல்லும் அளக்கிற கையும்

தஞ்சாவூரை நெற்களஞ்சியம் என்று பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம். அந்தக் களஞ்சியத்துக்கு நாற்று நட்டு, களை பறித்து, கதிரறுத்துப் போரடித்துக் கொடுத்த சனங்களின் வீட்டில் எத்தனை வேளை உலை கொதித்தது என்று எந்தப் பாடப்புத்தகமும் எழுதவில்லை. இன்றைக்கு உணவுப் பாதுகாப்பு, உள்ளூர் உணவு, சத்தான உணவு என்று கருத்தரங்குகளில் பேசுகிறார்கள். எத்தனை டன் விளைந்தது என்பதிலிருந்து அந்தப் பேச்சு ஆரம்பிக்கிறது. சேரியின் பசிக்கு வேறு கணக்கு இருக்கிறது. விளைந்ததை யார் அளந்தார்கள், எந்தப் படியால் அளந்தார்கள் என்கிற கணக்கு அது.

காவிரிப் படுகையில் பண்ணையாளின் கூலி நெல்தான். வேலை நடக்கிற நாளுக்கு இத்தனை படி என்று மிராசுதாரின் களத்தில் அளந்து போடுவார்கள். சம்பா நட்டு முடிந்து தை அறுப்பு வரைக்கும், அடைமழை பெய்கிற ஐப்பசி கார்த்திகையில் வேலை கிடையாது. அப்போது அதே மிராசுதாரிடம் கடன் நெல் வாங்க வேண்டும். அந்தக் கடன் அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வரும். குடியிருந்த மனையும் அவர்களுடையதுதான். எதிர்த்துப் பேசினால் கூலியும் போகும், குடிசையும் போகும்.

1943ல் பி. சீனிவாசராவ் தஞ்சைக்கு வந்து விவசாயிகள் சங்கம் கட்டியபோது சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் எதிராகக் குரல் எழுந்தது. அதோடு சேர்ந்து எழுந்த இன்னொரு கோரிக்கையை நாம் சரியாகக் கவனிக்கவில்லை. கள்ள மரக்கால் கூடாது, முத்திரை மரக்காலால் கூலி அளக்க வேண்டும் என்பது அது. முதுகில் விழுந்த அடியும் மரக்காலில் குறைந்த நெல்லும் ஒரே கையிலிருந்து வந்தவை என்று சனங்களுக்குத் தெரிந்திருந்தது. 1952ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மிராசுதார்கள் பலர் பண்ணையாட்களை நிறுத்திவிட்டு அதே ஆட்களை அன்றாடக் கூலிகளாக்கிக் கொண்டார்கள்.

கூலி நெல்லை மட்டும் நம்பி இந்தச் சனங்கள் உயிர் பிழைக்கவில்லை. வயலில் நண்டு, நத்தை. வாய்க்காலிலும் குட்டையிலும் ஊத்தா வைத்துப் பிடித்த குறவை, கெண்டை, கெளுத்தி. நெல்லுக்கிடையே முளைக்கிற ஆரைக்கீரை, வரப்போரப் பொன்னாங்கண்ணி. கோடையில் கொட்டிக்கிழங்கு, அல்லிக்கிழங்கு. அறுப்பு முடிந்ததும் எலி வளையை வெட்டி எடுத்த நெல், கூடவே எலியும். இது எதையும் மிராசுதார் அளந்து போடவில்லை. பொம்பளைகளும் பிள்ளைகளும் தேடிக் கொண்டுவந்தார்கள். இன்றைக்குப் புரதம், இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து என்று பட்டியல் போடுகிறார்களே, அதெல்லாம் சேரிக்கு இந்த வழியில்தான் வந்தது.

இதைப் பொற்காலம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பசி துரத்தியதால்தான் எலி வளையை வெட்டினார்கள். அப்படித் தேடித் தின்றதையே ஊர்க்காரர்கள் வசவாக்கினார்கள். நத்தை தின்கிறவன், எலி தின்கிறவன், மாடு தின்கிறவன் என்று சாப்பாட்டை வைத்தே சாதியை அடையாளம் காட்டினார்கள். எதிலிருந்து சத்து வந்ததோ அதன் பேராலேயே இழிவும் வந்தது.

1960-61ல் தீவிர விவசாய மாவட்டத் திட்டத்துக்குத் தஞ்சையைத் தேர்ந்தெடுத்தார்கள். 1960களின் நடுவில் ஆடுதுறை-27 குறுவைக்கு வந்தது. ரசாயன உரமும் எண்டிரினும் பாலிடாலும் கூடவே வந்தன. நெல் கூடியது. மருந்தடித்த வயலில் நண்டு செத்தது, மீன் மிதந்தது. பிறகு வந்த களைக்கொல்லியில் ஆரைக்கீரையும் களையாகிக் கருகியது. மிராசுதாரின் கணக்கில் இது எங்கேயும் நஷ்டமாக எழுதப்படவில்லை, ஏனென்றால் நண்டும் கீரையும் அவர் கணக்கில் எப்போதுமே இருந்ததில்லை. சேரிக்கு ஒரு பக்கம் குழம்பு போனது, இன்னொரு பக்கம் கூடுதலாய் விளைந்த நெல்லில் பங்கு கேட்டால் அடி விழுந்தது.

அந்தப் பங்கைத்தான் கீழவெண்மணிச் சனங்கள் கேட்டார்கள். அரைப்படி நெல் கூட வேண்டும் என்றார்கள். மிராசுதார்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் வைத்துக்கொண்டு வெளியாட்களை இறக்கி அறுப்பு நடத்தினார்கள். 1968 டிசம்பர் 25 இரவு, பெண்களும் குழந்தைகளுமாக 44 பேரை ஒரே குடிசையில் வைத்து எரித்தார்கள். கீழ்க்கோர்ட்டு தண்டித்த மிராசுதார்களை 1973ல் சென்னை உயர்நீதிமன்றம் விடுவித்தது.

வெண்மணி கூலிப் போராட்டமா, சாதிக் கொலையா என்று நம் பத்திரிகைகளில் பல வருஷம் விவாதம் நடந்திருக்கிறது. கூலி என்கிற தோழர்கள் எரிந்தவர்களின் சாதியைச் சொல்லத் தயங்கினார்கள். சாதி என்று சொன்ன நாம் அந்த அரைப்படியைச் சின்ன விஷயமாக்கிவிட்டோம். ஒரு தலித் எவ்வளவு சாப்பிடலாம் என்று தீர்மானிக்கிற உரிமை தன்னுடையது என்று மிராசுதார் நினைத்தார். சாதி அங்கே நெல்லளக்கிற படியாகவே இருந்தது. அரைப்படி கூடக் கேட்பது அந்த உரிமையில் கை வைப்பது. அதனால்தான் அதற்குத் தண்டனை தீயாக வந்தது.

வெண்மணிக்குப் பிறகு 1969ல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1971ல் குடியிருப்பு மனைச் சட்டம் வந்தது. இரண்டாவது சட்டத்தை உணவுச் சட்டம் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் மனை தன் பேருக்கு வந்த பிறகுதான் கொல்லையில் ஒரு முருங்கையை, ஒரு அவரைக்கொடியை, இதை விட்டு எப்போது விரட்டுவார்களோ என்கிற பயமில்லாமல் வைக்க முடிந்தது.

ரேஷன் அரிசியை ஏளனமாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். இலவச அரிசி வாங்கி சனங்க சோம்பேறியாயிட்டாங்க, கூலிக்கு ஆள் கிடைக்கல என்பது நில உடைமைக்காரர்களின் புலம்பல். அந்தப் புலம்பலே ரேஷன் செய்த வேலைக்குச் சாட்சி. வீட்டில் அரிசி இருந்தால் கடன் நெல்லுக்குப் போய் நிற்க வேண்டியதில்லை, குறைந்த கூலிக்கு மாட்டேன் என்று சொல்லலாம். 1982ல் வந்த சத்துணவு, 2007ல் ரேஷனில் சேர்ந்த பருப்பும் பாமாயிலும், 2011 ஜூன் முதல் இலவசமான அரிசி எல்லாம் பசியைக் குறைத்தன. ஆனால் சாதி அந்த அடுப்படிக்கும் வந்தது. 2018ல் அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளியில் தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் தடுத்தார்கள்.

அரிசி வயிற்றை நிரப்பும், ரத்தத்தை ஊற வைக்காது. 2019-21ல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை. வயலிலிருந்தும் குட்டையிலிருந்தும் வந்தது நின்றுபோன இடத்தை ரேஷன் அரிசியால் நிரப்ப முடியவில்லை. கேழ்வரகுக் கூழைச் சேரிச் சாப்பாடு என்று முகம் சுளித்தவர்களே இன்றைக்கு அதைப் பாரம்பரிய உணவு என்று கண்ணாடி ஜாடியில் விற்கிறார்கள். 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. விலை ஏறியது. விளைவிக்கச் சேரிக்கு நிலம் இல்லை, வாங்கக் காசு இல்லை.

ஆக, கேள்வி மறுபடி நிலத்துக்கே வருகிறது. படுகைக்கு வடக்கே, செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமன்ஹீரின் 1891 அறிக்கைக்குப் பிறகு, 1892ல் ஒடுக்கப்பட்டோருக்குப் பஞ்சமி நிலம் ஒதுக்க ஆணை வந்தது. அந்த நிலம் பெரும்பாலும் கைமாறிப் போனது. கேட்கப் போனபோது என்ன நடந்தது என்பதற்குக் காரணை சாட்சி. 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள்.

தஞ்சைப் பக்கம் ஒரு வழி நடந்து பார்க்கப்பட்டிருக்கிறது. கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் 1981ல் ஆரம்பித்த லாஃப்டி, மிராசுதார்களிடமிருந்து நிலத்தை விலைக்கு வாங்கி, குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் வீதம் தலித் பெண்கள் பேரில் பதிந்து கொடுத்தது. 1990களின் தொடக்கத்தில் கடலோரத்து நெல் வயல்களை இறால் பண்ணைகள் விழுங்கின. குடிதண்ணீர் உப்பானது, நடவு வேலை போனது. ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம் பண்ணைகளை அகற்றச் சொன்னது. 2005ல் நாடாளுமன்றம் வேறு சட்டம் போட்டு அவற்றுக்கு வழிவிட்டது. காந்தியவாதிகளின் வழியில் நமக்குச் சில கேள்விகள் உண்டு. நம் நிலத்தை நாம் ஏன் விலை கொடுத்து வாங்க வேண்டும் என்பது அதில் முதல் கேள்வி. ஆனாலும் ஒரு ஏக்கர் தன் பேரில் இருக்கிற பெண், களத்தில் யார் முன்னாலும் முறத்தை ஏந்தி நிற்க வேண்டியதில்லை. அதைக் குறைத்துப் பேச முடியாது.

உணவு உரிமை என்று நாம் பேசும்போது ரேஷன் கடையோடு நிற்கக் கூடாது. பஞ்சமி நிலம் திரும்ப வேண்டும். கோயில், மடத்து நிலங்களில் சேரிப் பெண்களுக்குக் குத்தகை உரிமை வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் கூடி எடுத்துக்கொள்கிற குளத்து மீன்பாசி ஏலத்தில் சேரிக்குப் பங்கு வேண்டும். ரேஷனில் அரிசியோடு கேழ்வரகும் கம்பும் அந்தந்த வட்டாரத்திலேயே கொள்முதல் செய்யப்பட வேண்டும். வெண்மணியில் கேட்டது அரைப்படி. இனிமேல் நாம் கேட்க வேண்டியது படியை.